இசைக்குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்?

இசைக்குழு தொடங்கும் இளைஞர்கள் ஒப்பந்தம் எழுத என்னிடம் வரும்போது, உங்களில் ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். அப்போது பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 1987ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

அக்குழுவின் பாடல்களில் பெரும்பகுதியை எழுதிவந்த ரோஜர் வாட்டர்ஸ், தாம் விலகிவிட்டதாக 1985 டிசம்பரில் இசைத்தட்டு நிறுவனங்களுக்குத் தெரிவித்தார்; தாம் இல்லாமல் குழுவும் இல்லை என்பது அவர் எண்ணம். மற்ற உறுப்பினர்களான டேவிட் கில்மரும் நிக் மேசனும் அதை ஏற்காமல் அதே பெயரில் புதிய ஆல்பத்துக்கு ஆயத்தமாகவே, 1986 அக்டோபரில் அவர் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

தேம்ஸ் நதியில் நிற்கும் 'அஸ்டோரியா' என்னும் கில்மரின் படகு ஸ்டுடியோவில் தொடங்கிய ஒலிப்பதிவு பின்னர் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியது. லண்டன் வழக்கறிஞர்கள் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில்தான் அங்கே காலை வேலை தொடங்கும் என்பதால், பதிவின் நடுவே அவர்களுடைய தொலைபேசித் தொல்லை இல்லாமல் போனதைக் கில்மர் பின்னாளில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். என் தொழிலுக்குக் கிடைத்த பெருமை அவ்வளவுதான்!

கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. முன்பு அவர் விலகியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம் மீண்டும் உறுப்பினராவதற்குத் தடையாக நின்றதால், தாம் சேர்ந்து தொடங்கிய குழுவிலேயே ஊதியத்துக்கு வாசித்தார்; ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் சிறிய எழுத்தில் இடம்பெற்றது.

ஆல்பம் செப்டம்பரில் வெளிவந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 3ஆம் இடத்தை எட்டியது. டிசம்பர் 23 அன்று அதே படகில் சமரசம் ஏற்பட்டது: பெயர் கில்மருக்கும் மேசனுக்கும், குழுவின் 'தி வால்' ஆல்பத்தை மேடையேற்றும் உரிமை வாட்டர்ஸுக்கும் போயின.

நம் நாட்டில், வருவாயைப் பங்கிட்டுக்கொண்டு எழுத்தில் எதுவும் இல்லாமல் இயங்கும் குழுவை 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் விருப்பக் கூட்டாண்மையாக, அதாவது காலக்கெடு எதுவும் பேசிக்கொள்ளாத கூட்டாக, கருத இடமுண்டு. அப்படியானால், ஒருவர் மற்ற எல்லோருக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தே அதைக் கலைத்துவிடலாம். கணக்கு வழக்குகள் தீரும்வரை பிறர் அந்தப் பெயரில் அதே தொழிலைச் செய்யாமல் தடுக்கவும் 53ஆம் பிரிவு வழிசெய்கிறது. அண்மையில் வந்த ஒரு குழுவில், கட்டணம் தம் கார்டில் செலுத்தப்பட்டது என்ற ஒரே காரணத்தால் டிரம்ஸ் வாசிப்பவர் குழுப் பெயருக்கான டிரேட்மார்க் விண்ணப்பத்தைத் தம் பெயரிலேயே போட்டிருந்தார். மற்ற மூவருக்கும் அது என் மேசையில் கோப்பைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.