தொண்டுக்குப் போன நாளை லீவில் கழித்தால்

இலங்கையில் தனியார் நிறுவன ஊழியருக்குச் சமூகப் பணிக்கென்று தனி லீவு எதையும் சட்டம் கொடுக்கவில்லை. இணையத்தில் தமிழில் தேடினால் ‘இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும்’ என்று வரும். அது இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம். அதைக் காட்டி யாழ்ப்பாணத்துக் கிளையில் அரை நாளும் வாங்க முடியாது. எங்கள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

ஆகவே கிடைப்பதெல்லாம் நிறுவனம் தானாக எழுதி வைத்த விதிதான். வங்கி, காப்புறுதி, தொலைபேசி, மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் அது இருக்கிறது. சிலது வருடத்தில் ஓரிரு நாளைச் சம்பளத்தோடு விடும், சிலது மணித்தியாலக் கணக்குப் பார்க்கும், சிலது ஊழியர் கொடுக்கிற காசுக்குச் சமமாகத் தானும் போடும். ரீசேட்டோடும் சோற்றுப் பார்சலோடும் முடித்துவிடுவதும் உண்டு. எதுவானாலும் கையில் தாள் இல்லாவிட்டால் உரிமையும் இல்லை.

முதல் பொறி லீவுக் கணக்கில் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள், அமய லீவு (casual leave) 7 நாள். அந்த 14 முதல் வருடத்தில் வராது. இரண்டாம் வருடத்திலும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தே வரும்: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பின் 4. இந்தக் கொஞ்ச நாளிலிருந்துதான் ‘தொண்டர் லீவு’ என்று ஒன்றைச் சத்தமில்லாமல் கழிப்பார்கள். பாடசாலைக்கு மதில் கட்டப் போன நாள் அமய லீவாகப் பதிவாகியிருக்கும். டிசம்பரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து லீவு கேட்கும்போதுதான் அது தெரியவரும். அதனால் சிரமதானம் (பலர் கூடிச் செய்கிற கூலியில்லா உடலுழைப்பு) முடிந்த இரண்டு மூன்று நாளில் லீவுப் பதிவைத் திறந்து பாருங்கள். அங்கே ‘கடமை’ என்று இருக்க வேண்டும். ‘லீவு’ என்று இருந்தால் அந்த மாதச் சம்பளம் போடமுன் திருத்தச் சொல்லுங்கள். வருட முடிவில் யாரும் திருத்தித் தரமாட்டார்கள்.

இரண்டாவது பொறி ஞாயிற்றுக்கிழமை. ‘விருப்பமானவர்கள் வரலாம்’ என்று வட்ஸ்அப்பில் செய்தி வரும். வராதவரிடம் திங்கட்கிழமை காரணம் கேட்பார்கள். வருகைப் பதிவெடுத்து, வராததற்கு விளக்கம் கேட்டால் அது தொண்டு இல்லை, வேலை. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு இதே சட்டத்தில் இருக்கிற உரிமை, வேலை நேரமும் கிழமைக்கு 45 மணித்தியாலம்தான். போயா (பௌர்ணமி) தினத்தில் வேலைக்குக் கூப்பிட்டால் நாட்சம்பளம் ஒன்றரை மடங்கு. அந்தச் செய்தியை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். வேலை செய்த ஓய்வு நாளுக்குப் பதிலாக லீவு கேட்கும்போது வேறு சாட்சி இருக்காது.

யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் கனபேர் விழுகிறார்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், ஆட்பல நிறுவனம் மூலம் வந்தவர் ஆகியோரைப் பெரும்பாலான விதிகள் வெளியே விடுகின்றன. சிரமதானத்தில் மண்வெட்டி பிடிப்பது அதிகமும் இவர்கள்தான். காவலாளியும் துப்புரவு ஊழியரும் வேறு நிறுவனத்துப் பட்டியலில் இருப்பார்கள், அன்றைய நாட்கூலி யாரிடமிருந்து வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர்களைக் கூப்பிடுவதானால் கூலியை யார் கொடுப்பதென்று முதலே எழுதிக் கேளுங்கள்.

விதிப் புத்தகம் கொழும்பில் ஆங்கிலத்தில் இருக்கும். கிளை முகாமையாளர் ‘இது கிளைகளுக்கு இல்லை’ என்பார். வாய்ப் பேச்சில் விடாமல், அதைக் கேட்டு மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு முகாமையாளருக்கும் பிரதி அனுப்புங்கள். இல்லை என்று எழுதித் தர அனேகமாக ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

அனுமதிக் கடிதம் நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு தருகிறோம் என்பது தராமல் விடுவதற்கான வழி. கடிதத்தில் இப்படி இரண்டு வரி போதும்: ‘இன்ன திகதி காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை இன்ன இடத்தில் நடைபெறும் சிரமதானத்துக்கு இவரைக் கடமையில் அனுப்புகிறோம். இந்நாள் இவரது வருடாந்த, அமய லீவுகளில் கழிக்கப்படமாட்டாது.’ ‘கடமையில்’ என்ற சொல் இல்லாத கடிதத்தை வாங்காதீர்கள். தீவுப் பக்கம் போவதானால் பயண நேரத்தையும் எழுதுவியுங்கள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடலிலும் பஸ்ஸிலும் போகிற பொழுதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரு முழு நாள் உழைப்பு ‘நான்கு மணித்தியாலம்’ என்று சுருங்கிப் பதிவாகும்.

அடுத்த இழுபறி, இடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது. பாடசாலை என்றால் அதிபரின் சம்மதத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் போக வேண்டும். யாழ். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். பிழையான வலயத்தில் கொடுத்த கடிதம் மேசையிலேயே கிடக்கும், திருப்பி அனுப்பமாட்டார்கள். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு, அதற்கு மாதக்கணக்கு வையுங்கள். குளம் இன்னும் சிக்கல். வயலுக்குத் தண்ணீர் போகிற குளத்துக்குக் கமநல சேவை நிலையத்தைக் கேட்க வேண்டும், கோயில் கேணிக்கு அறங்காவலரை. தூர்வாரிய மண்ணை லொறியில் ஏற்றினால் பொலிஸ் மறிக்கும். கிரவல், மண் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் மண்ணைக் கரையிலேயே பரவிவிடுவது நல்லது.

குப்பை அள்ளுகிற சிரமதானத்தில் எல்லாரும் மறப்பது குப்பையை ஏற்றிப்போகிற உழவு இயந்திரம். 20 பேர் ஒரு காலையில் 60, 70 பை நிரப்பிவிடுவார்கள். பிரதேச சபைக்கு எழுத்தில் கேட்டு, எத்தனை மணிக்கு வரும் என்று முதல்நாளும் போனெடுத்து உறுதிப்படுத்தாவிட்டால், திங்கள் காலை அந்தப் பைகளை நாய் கிழித்துப்போட்டிருக்கும். கண்ணாடித் துண்டைப் பையில் போட வேண்டாம், வாளியில் தனியாக எடுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். வெயில் ஏறமுன் காலை 6.30க்குத் தொடங்கிப் 11 மணிக்குள் முடித்தால் மயங்கி விழுபவர் குறைவு.

முடிந்தபின் ‘வந்தார், வேலை செய்தார்’ என்ற உறுதிக் கடிதத்தை மனிதவளப் பிரிவு கேட்கும். அதை உதவி பெற்ற அமைப்பின் கடிதத் தலைப்பில், திகதியும் முத்திரையும் போட்டு அங்கேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ என்றால் பதிவிலக்கத்தையும் பாருங்கள். பொதுக்கூட்டம் கூட்டாமல் பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட சங்கங்கள் பல. அதன் முத்திரையை நிறுவனம் ஏற்காது, காசுத் திட்டமானால் நிறுவனத்தின் பங்கும் வராது. நிறுவனம் கேட்காமலிருக்க ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கிராம சேவையாளரின் கையொப்பத்துக்கு அலையவும் வேண்டாம்.

சமூகப் பணியில் லேசானது இரத்ததானம், ஆனால் அதிலும் நாள் வீணாகும். வயது 18க்கு மேல் 60க்குள், நிறை 50 கிலோவுக்குக் குறையாமல், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கழிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். வெறும் வயிற்றோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினாலும் வந்ததற்கு ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள், அன்றைய கடமைக்கு அதுதான் சான்று.

‘வெள்ள நிவாரணத்துக்கு எல்லாரும் ஒரு நாள் சம்பளம்’ என்று அறிவித்து வெட்டுவதும் நடக்கிறது. கையெழுத்து வைக்காத ஊழியரிடம் வெட்டக்கூடாது. ‘எதிர்ப்பவர்கள் மட்டும் அறிவிக்கவும்’ என்ற சுற்றறிக்கை சம்மதம் ஆகாது.

காயம் பட்டால் நட்டஈடு, 1934 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் தொழில் காரணமாக, தொழிலின்போது நேர்ந்த விபத்துக்குத்தான். ‘சொந்த விருப்பில் போனார்’ என்று கைகழுவுவது அந்த இடத்தில்தான். மேலே சொன்ன ‘கடமையில்’ என்ற சொல் அப்போது உதவும். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளில் பற்றை வெட்டப் போவதானால், கண்ணிவெடி அகற்றிய சான்று இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். சருகைக் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். துருப்பிடித்த இரும்பு கண்ணில் பட்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

முறைப்பாடு என்று வந்தால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ‘தொண்டர் லீவு தரவில்லை’ என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு லீவு சட்டத்தில் இல்லை என்று அங்கேயே கடிதத்தைத் திருப்பித் தருவார்கள். ‘என் வருடாந்த லீவில் இன்ன திகதி பிழையாகக் கழிக்கப்பட்டது’, ‘வாராந்த ஓய்வு நாளில் வேலை வாங்கப்பட்டது’ என்று எழுதுங்கள். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். லீவுப் பதிவின் படத்தையும் வட்ஸ்அப் செய்தியையும் இணைத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளியே வாருங்கள்.