“ஒரு கட்டிங் போட்டா என்ன?” என்று கேட்பது யார்?

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை கூலி கைக்கு வருகிறது. கடை இருக்கும் தெருமுனையில் மனசுக்குள் ஒரு பேச்சு: “ரெண்டு மாசம் இருந்து காட்டிட்டேன். நான் நெனச்சா நிறுத்திடுவேன். இன்னைக்கு ஒரு கட்டிங் போட்டா என்ன?” வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தால் மறுத்துவிடலாம். அது ‘நான்’ என்றே பேசுகிறது.

பேச்சுக்கு முன்பே மூளை வேலையை ஆரம்பித்துவிடுகிறது. மூளை ஆராய்ச்சியாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். முதலில் சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கு காட்டும் என்று பழகியதும், விளக்கைக் கண்டே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. நம் தறிக்காரருக்குக் கூலியும் சனிக்கிழமையும் தெருமுனையும்தான் அந்த விளக்கு. ஏற்காட்டில் சொந்தக்காரர் தோட்டத்தில் பத்து நாள் இருந்து, ஆசையே வரவில்லை என்று நம்பிக்கையோடு இறங்குகிறவருக்கு அஸ்தம்பட்டி தாண்டியதும் நாக்கு ஊறுவது இதனால்தான். மனஉறுதி மலையிலேயே தங்கிவிடவில்லை. பழைய அடையாளங்கள் மறுபடி கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘பிடிப்பது’ வேறு, ‘வேண்டும் என்று இழுப்பது’ வேறு என்று 1993இல் ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். போதை பழகப் பழக இழுப்பு வளர்கிறது. இன்பம் அதே அளவு வளர்வதில்லை. “குடிச்சா முன்ன மாதிரி இல்லைங்க, ஆனா கால் அங்கதான் போகுது” என்பவர் பொய் சொல்லவில்லை. இழுப்பு வந்த பிறகு அதற்கேற்ற நியாயத்தை மனசு தேடிக்கொள்கிறது. வீட்டில் இதைத் திமிர் என்று திட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஏனென்றால் ஒருமுறை சறுக்கியதும் அதே குரல் தலைகீழாகிறது: “எல்லாம் போச்சு, நீ உருப்படமாட்ட, இனி குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன?” ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்வதே பலரை மறுபடி முழுக் குடிக்குத் தள்ளுகிறது என்றார் குடிப்பழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட். பெருமை பேசும் குரலும் கேவலப்படுத்தும் குரலும் கொண்டுபோய் விடுவது ஒரே கடையில்தான்.

இந்தக் குரலோடு வாதாடினால் ஜெயிப்பது கடினம். மார்லட் சொன்ன வழி வேறு: ஆசை வருவதை உடம்பில் எங்கே தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது. அது ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். தன்னையே பேர் சொல்லி அழைத்து, “குமாரு, உனக்கு இப்ப ஆசை வந்திருக்கு” என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படிப் பேசுவது மனப் பதற்றத்தைக் குறைப்பதாக உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் காட்டினார்கள். சனிக்கிழமை மட்டும் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவதில் எந்தக் கோழைத்தனமும் இல்லை.

ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், மருந்தின் துணையோடு குடியை நிறுத்துங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு போன் செய்து பேசுங்கள்.