விட்டமின்தானே என்று சொல்லாமல் விடாதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி வருவது இது மூன்றாவது தடவை. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா தைராய்டு ரிப்போர்ட்டோடு எங்கள் லேபுக்கு வந்தார். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அடிமட்டத்தில் இருக்கிறது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான எஃப்டி4 எகிறியிருக்கிறது. தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை. வேறொரு கிளினிக்கில் தைராய்டைக் குறைக்க மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள்.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களாக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சொன்னார். "முடி கொட்டுதுன்னு ஒரு விட்டமின். அது மருந்து இல்லையே."

பாட்டிலில் பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்குப் போதுமானது 30.

பல ஹார்மோன் பரிசோதனைகளில், கண்ணுக்குத் தெரியாத காந்தத் துகள்கள்தான் ரத்தத்தில் நாங்கள் தேடும் பொருளைப் பிடித்துக் கொடுக்கின்றன. காந்தம் அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிப் போய்விடும். அந்தத் துகளில் எங்கள் பொருள் ஒட்டுவதற்குப் பசையாகப் பல கருவிகள் பயன்படுத்துவதும் பயோட்டின்தான். உங்கள் ரத்தத்திலேயே அது நிறைய இருந்தால், பந்தியில் இலை முழுவதையும் வேறு யாரோ பிடித்துக்கொண்ட கதைதான். சில பரிசோதனைகளில் அளவு பொய்யாகக் குறையும், சிலவற்றில் பொய்யாகக் கூடும். விரல்நுனித் துளி போதும் என்கிற சின்னக் கருவியானாலும், அந்தப் பசை இருந்தால் இதே கதிதான்.

"அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்கிறார்கள். போகும். ஆனால் போகும்வரை ரத்தத்தில்தானே இருக்கிறது? நாங்கள் எடுப்பது அந்த ரத்தத்தைத்தான். பயோட்டின் உங்களைக் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை, ரிப்போர்ட்டைக் கெடுக்கிறது. 2017 நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து வந்து, ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டது.

எல்லாக் கருவிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. உங்களுக்குச் செய்யப்போவது எந்த வகை என்று கவுண்டரில் உங்களுக்குத் தெரியாது. அதனால் சொல்லிவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு மிக அதிகமென்றால் இன்னும் நாள் பிடிக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பயோட்டின் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். கொலாஜன் தூள், நக மாத்திரை, முடிக்கென்று விற்கும் கம்மி மிட்டாய் இவற்றிலும் இருக்கும், லேபிளைப் படியுங்கள். நெஞ்சுவலி என்றால் 2 நாள் கணக்கெல்லாம் கிடையாது. உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள், போனதும் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு, டாக்டரிடம் பேசிவிட்டு, பயோட்டினை நிறுத்தி நான்காம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தோம். இரண்டு அளவும் சரியாக இருந்தன. ஒரு மாதமாக அவர் விழுங்கிய தைராய்டு மாத்திரை தேவையே இல்லாதது.

தயவுசெய்து அடுத்த முறை பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள்.