கனடா 'இந்தியன் ஆஸ்பத்திரி' இழப்பீடு: எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

கனடாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நம்மவர்கள் நிறையப் பேர். உங்கள் பொறுப்பில் இருக்கும் பூர்வகுடிப் பாட்டி யாருக்காவது முதுகில், தோள்பட்டைக்குக் கீழே நீளமாக ஒரு பழைய தழும்பு இருந்தால், அது காசநோய்க்காகச் செய்த அறுவையாக இருக்கலாம். அவருக்குப் பேச மனமிருக்கும் நேரம் பார்த்து, எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள்.

பின்னணி இவ்வளவுதான். பூர்வகுடிகளுக்கென்று மத்திய அரசே தனியாக, மலிவாக, 'இந்தியன் ஆஸ்பத்திரி'களை நடத்தியது. எட்மன்டனில் சார்ல்ஸ் காம்செல், வான்கூவர் தீவில் நனைமோ, இன்னும் பல. காசநோய் என்று கூட்டிப்போன பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் வீடு திரும்பவில்லை. 1953 விதிகளின்படி சிகிச்சைக்கு வர மறுப்பதே குற்றம். 2018-ல் போட்ட கூட்டு வழக்கு 2025-ல்தான் சமரசத்தில் முடிந்தது. இழப்பீடு 10,000 முதல் 2,00,000 டாலர் வரை.

சரி, யாருக்கு? 1936 முதல் 1981 வரை அங்கே உள்நோயாளியாக இருந்தவர்களுக்கு. ஆனால் இருந்தது மட்டும் போதாது, அங்கே திட்டு, அடி, பாலியல் கொடுமை என்று ஏதாவது நடந்திருக்க வேண்டும். பூர்வகுடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி வழக்கில் தங்கிப் படித்தவர்களுக்கு, படித்ததற்காகவே குறைந்தது 10,000 டாலர் கிடைத்ததால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, 'மூன்று வருஷம் இருந்தேன்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். கட்டிலோடு கட்டிவைத்தது, சாப்பிடாததற்கு அறைந்தது, தன் மொழியில் பேசியதற்குக் கத்தியது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அடுத்து ஆஸ்பத்திரியின் பெயர். மத்திய அரசு நடத்தியவை மட்டும்தான் பட்டியலில் வரும். 1950-களில் ஹாமில்டன் சானடோரியத்துக்கு (காசநோய் ஆஸ்பத்திரி) எத்தனையோ இனுயிட் மக்களை, அதாவது வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடிகளை, கப்பலேற்றி அனுப்பினார்கள், ஆனால் அதை நடத்தியது மத்திய அரசு இல்லை. அதே நோய், குடும்பத்தை விட்டு அதே பிரிவு, கட்டிடம் மட்டும் வேறு. பாதிக்கப்பட்டவருக்கு இதில் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மிகக் கொடுமையானது தேதி. 2016 ஜனவரி 25 அன்று அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த அக்கா தங்கை இருவரில், 2015-ல் போன அக்காவின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. தாயைப் பறிகொடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் தனியாகப் பணம் இல்லை, 15 கோடி டாலர் குணமாக்கும் நிதி என்று பொதுவாக ஒன்றைக் காட்டுகிறார்கள்.

அப்புறம் பழைய ஆவணங்கள். ஆஸ்பத்திரி மூடியாச்சு, மாகாணத்தில் கேள், ஆவணக் காப்பகத்தில் கேள் என்று எண்பது வயசுக்காரரை அலையவிடுவார்கள். தேடும்போது ஒரே பெயரில் தேடாதீர்கள், நர்ஸ் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் கோப்பில் இருக்கலாம். இனுயிட் என்றால் அரசு கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள வில்லையின் எண்ணையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். தாள் கிடைக்கும்வரை காத்திருந்து கெடுவைத் தவறவிட வேண்டாம்.

நடந்ததை அவரை ஒருமுறை மட்டும் சொல்லச் சொல்லி, அவர் வார்த்தையிலேயே எழுதி, நகல் ஒன்று எடுத்து வையுங்கள். வேறு அலுவலகம் மறுபடி கேட்டால் முதலில் அந்த நகலைக் கொடுத்துப் பாருங்கள்.