ஆர்டரும் சரி, கலரும் சரி. அந்த ஆர்டரில் அந்தக் கலர்தான் இல்லை

திருப்பூரில் நிட்டிங் முடிந்த துணியை டையிங்குக்கு அனுப்ப டி.சி. (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) போடும் திரையை எடுத்துக்கொள்வோம். ஆர்டர், கலர், எடை என்று கட்டங்கள். ஆர்டர் டேட்டாபேஸில் இருக்கிறது, கலரும் இருக்கிறது, இரண்டின் ஃபாரின் கீயும் (வேறொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் ஐடி) பொருந்துகிறது. ஆனால் தேர்ந்தெடுத்த மெரூன் வேறொரு பையரின் ஆர்டருக்கு உரியது. ஃபாரம் அதை விட்டுவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத்தானே பார்த்தது? லைட் ரோஸ் கேட்ட துணியில் மெரூன் ஏறிய பிறகு சாயப்பட்டறை வாசலில் நின்று பேசி என்ன ஆகப்போகிறது.

ஆர்டரை மாற்றினால் கலர் பட்டியலும் மாறும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். அது டைப் செய்பவருக்கு வசதி, அவ்வளவுதான். பிரவுசரில் பேக் அழுத்தினாலோ, நெட் இழுத்துக்கொண்டு பழைய பட்டியலே நின்றாலோ தப்பான ஜோடி சர்வருக்கு வந்துவிடும். சோதனை அங்கேதான் நடக்க வேண்டும்.

பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் இதற்கு இடம் ஃபாரத்தின் கிளீன் மெத்தட். எல்லாக் கட்டங்களும் தனியாகச் சோதிக்கப்பட்ட பிறகே அது ஓடும். ஒரு கட்டம் ஏற்கெனவே தோற்றிருந்தால் அதன் மதிப்பு, தேறிய மதிப்புகள் சேரும் கிளீன்ட் டேட்டாவில் இருக்காது. அதனால் சதுர அடைப்புக்குறி போட்டு எடுக்காமல் கெட் மூலம் எடுங்கள். இல்லையென்றால் பிழைச் செய்தி வர வேண்டிய இடத்தில் 500 எரர் வரும். கலரின் ஆர்டர் ஐடி பொருந்தாவிட்டால் ஆட் எரர் மூலம் செய்தியைக் கலர் கட்டத்தின் கீழேயே காட்டுங்கள். தலைப்பில் பொதுவாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை. மாடல்ஃபாரமாக (டேபிளின் மாடலிலிருந்தே உருவாகும் ஃபாரம்) இருந்தால் சூப்பரின், அதாவது தாய் கிளாஸின், கிளீனையும் கூப்பிட மறக்காதீர்கள். விட்டால் யுனிக் சோதனை சத்தமில்லாமல் நின்றுவிடும்.

பி.எச்.பி. ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லில் வெறும் எக்ஸிஸ்ட்ஸ் விதி, அந்த ஐடி டேபிளில் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே கேட்கும். ஆர்டர் ஐடியை வேர் நிபந்தனையாகச் சேர்த்தால்தான் பயன்.

ஜாங்கோவில் அதிகம் கவனிக்கப்படாத ஓட்டை ஒன்று உண்டு. ஆர்டரை ஃபாரத்தில் காட்டாமல் வியூவில் (கோரிக்கையைக் கையாளும் கோட்) நிரப்புகிறீர்கள். ஒரே ஆர்டரில் ஒரே டி.சி. எண் இரண்டு முறை வரக்கூடாது என்று மாடலில் யுனிக் விதியும் இருக்கிறது. விதியில் உள்ள ஒரு கட்டம் ஃபாரத்தில் இல்லையென்றால் மாடல்ஃபாரம் அந்த விதியையே தாண்டிப் போய்விடும். சேவ் செய்யும்போது டேட்டாபேஸ் மறுத்து இன்டெக்ரிட்டி எரர் வெடிக்கும். ஆர்டரை ஃபாரத்தின் இனிட்டுக்கு (ஃபாரம் உருவாகும்போது ஓடும் மெத்தட்) கொடுத்து, கிளீனில் நீங்களே தேடிப் பாருங்கள். எடிட் செய்யும்போது அந்தப் பதிவையே தேடலிலிருந்து விலக்க வேண்டும். மறந்தால் எதையும் திருத்த முடியாது.

என்னைக் கேட்டால் ஃபாரம் தன்மையாகச் சொல்லும் இடம், தடுக்கும் இடம் டேட்டாபேஸ். எக்செல் இறக்குமதியும் பல்க் கிரியேட்டும் (பல வரிசைகளை ஒரேயடியாக ஏற்றுவது) ஃபாரத்தின் பக்கமே வராது. செக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேபிளிலேயே எழுதும் நிபந்தனை) அடுத்த டேபிளை எட்டிப் பார்க்காது என்பதால் கூட்டு ஃபாரின் கீதான் வழி: கலர் டேபிளில் ஆர்டர் ஐடி, ஐடி இரண்டுக்கும் சேர்த்து ஒரு யுனிக், டி.சி. டேபிளிலிருந்து அந்த ஜோடிக்கு ஃபாரின் கீ. ஜாங்கோவில் மைக்ரேஷனில் எஸ்.க்யூ.எல். ஆகவே எழுதிவிடலாம். இரண்டு காலமும் நாட் நல் ஆக (காலியாக விட முடியாதபடி) இருக்கட்டும். ஒன்று நல் ஆனாலும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கப்படி அந்த வரிசையைச் சோதிக்காது.

எடைக்கு இதுவும் போதாது. 500 கிலோ மீதி இருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் 300, 250 என்று போடுகிறார்கள். இருவருக்கும் மீதி 500 என்றே தெரியும், இரண்டும் தேறும், 550 கிலோ வெளியே போகும். மீதியைக் கணக்கிடும் முன் ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஆர்டர் வரிசையை செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் விதியை ஏற்றும் முன் பழைய தரவைப் பாருங்கள். காங்கேயமும் தாராபுரமும் 2009 வரை ஈரோடு மாவட்டம், பிறகு திருப்பூர். பார்ட்டி முகவரியின் மாவட்டம், தாலுகா ஜோடியை இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டால், அப்போது பதிந்த பார்ட்டியின் போன் நம்பரை மாற்றக்கூட ஃபாரம் விடாது. முதலில் பொருந்தாத ஜோடிகளை ஒரு க்வெரியில் எடுத்துத் திருத்துங்கள். உடனே முடியாதென்றால் போஸ்ட்கிரெஸில் நாட் வேலிட் என்று ஃபாரின் கீயைச் சேர்க்கலாம்: புதிதாக ஏறுபவை உடனே சோதிக்கப்படும், பழையதைச் சுத்தம் செய்த பிறகு வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட் ஓட்டிக்கொள்ளலாம்.