அடிபட்டவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறதா? வேலைத்தளப் பாதுகாப்பும் மனிதவளப் பிரிவும்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் வரத் தொடங்கிவிட்டால் கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இரவு பகல் தெரியாது. அங்கே போய் "மனிதவள முகாமையாளர் யார்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வரவுப் புத்தகம் எழுதுவது, சம்பளம் எண்ணிக் கொடுப்பது, ஊழியர் சேமலாப நிதிப் (EPF) படிவம் நிரப்புவது எல்லாம் கணக்கப்பிள்ளைதான். சில இடங்களில் முதலாளியின் மகன். பாசிக்குடா ஹோட்டல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் அதற்கென்று தனி அறையும் தனி ஆளும் உண்டு. பதவிப் பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். யார் வேலைக்கு வந்தார், எந்த இயந்திரத்தில் நின்றார், எத்தனை மணிக்குப் போனார் என்பதை எழுதி வைக்க வேண்டும். விபத்து என்று வந்துவிட்டால் நட்டஈடு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் தங்கியிருக்கிறது. தலைக்கவசம், கையுறை, மாஸ்க் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவதில்லை.

இலங்கையில் இந்த விடயத்தில் இரண்டு பழைய சட்டங்கள் முக்கியம். விபத்து நடக்காமல் பார்ப்பதற்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். நடந்தபின் நட்டஈடு கொடுப்பதற்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். முதலாவதைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் அமுல்படுத்துகிறார்கள். இரண்டாவதற்குத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் இருக்கிறார்.

"தொழிற்சாலை" என்றதும் பெரிய புகைபோக்கியை நினைக்க வேண்டாம். அரிசி ஆலை, கராஜ், மரவேலைப் பட்டறை, ஐஸ் ஆலை எல்லாம் அதற்குள் வரும். ஆனால் ஹோட்டலும் கடையும் வயலும் பொதுவாக வராது. வயலிலும் ஹோட்டலிலும் இவ்வளவு பேர் வேலை செய்யும் நம் மாவட்டங்களுக்கு இது பெரிய ஓட்டை. நல்ல வேளையாக 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்த எல்லை இல்லை. ஹோட்டல் சமையலறையில் எண்ணெய் கொட்டிச் சுட்டாலும் அது பொருந்தும்.

ஆலைக்குள் போய்ப் பார்த்தால் பாதுகாப்பு எங்கே கழன்றுபோகிறது என்பது தெரியும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டுக்கு மேல் ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். சுழலும், அசையும் ஆபத்தான பாகங்களை மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நெல் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நட்டுக் கழற்ற யாருக்குப் பொறுமை? மூடியைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்திருப்பார்கள். அதன்மேல் உமித்தூசு ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தால், அது இன்று நேற்றுக் கழற்றியதல்ல என்று பரிசோதகர் வராமலே சொல்லிவிடலாம். பொயிலர் வேறு கதை. அதை அங்கீகாரம் பெற்ற உத்தியோகத்தர் காலத்துக்குக் காலம் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும்.

"இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை, எனக்கென்ன?" என்று கணக்கப்பிள்ளை கேட்கலாம். அந்தப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதை முடிவு செய்வது அவர்தான். வேலைக்குச் சேர்க்கக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே கூடாது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை மில்லுக்கும் கராஜுக்கும் வரும் பொடியன்கள் நம் ஊரில் நிறைய. ஆளைச் சேர்க்கிற அன்றே அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பதும் பாதுகாப்பு வேலைதான். இரவு முறை செய்தவரை ஆள் வரவில்லை என்று பகலுக்கும் நிறுத்தாமல் இருப்பதும் அப்படியே. தூக்கக் கலக்கத்தில் நிற்பவருக்குக் கையுறை போட்டு என்ன பயன்?

அடுத்தது பயிற்சி. புதியவருக்கு இயந்திரத்தைக் காட்டிக் கொடுத்தோம், நிறுத்தாமல் கை வைக்காதே என்று சொன்னோம் என்பதைத் திகதி போட்டு எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். இது இரு பக்கத்துக்கும் உதவும். பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தாலும், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலும், போதையில் இருந்தாலும் அடிபட்டவருக்கு நட்டஈடு மறுக்கப்படலாம். முதலாளிமார் முதலில் பிடிப்பது இதைத்தான். ஆனால் அப்படி ஒரு கட்டளை கொடுத்ததற்கு எந்தத் தடயமும் இல்லை, மூடி மாதக்கணக்கில் எல்லோர் கண்முன்னும் சுவரில் சாய்ந்து கிடந்தது என்றால், அந்த வாதம் நிற்பது கஷ்டம்.

சரி, விபத்து நடந்துவிட்டது. முதலில் ஆஸ்பத்திரி. அங்கேதான் ஒரு சிக்கல் தொடங்குகிறது.

"வீட்ட விழுந்ததெண்டு சொல்லு. மருந்துச் செலவு முழுக்க நான் பாக்கிறன்."

இதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் அநேகம். முதலாளி கெட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. பொலிஸ், விசாரணை என்று பயந்தும் சொல்வார். ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில் "வீட்டில் விழுந்தது" என்று ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்த வரியே எதிராக நிற்கும். மருந்துச் செலவு ஒரு மாதத்தில் முடிந்துவிடும். விரல் போனது போனதுதான். எந்த இடத்தில், எந்த வேலை செய்யும்போது, எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூடப் போகிறவரும் அதையே சொல்லட்டும். ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

தொழிற்சாலையில் நடந்த விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையைச் செய்து முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலோ, நிர்வாகம் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆலையில் வைத்திருக்க வேண்டிய பொதுப் பதிவேட்டிலும் விபத்தைப் பதிய வேண்டும். இந்த அறிவித்தலை அனுப்புவது மனிதவளப் பிரிவு செய்ய வேண்டிய மிக எளிய வேலை. நான் அறிந்தவரை அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

நட்டஈட்டின் அளவு இரண்டு விடயங்களில் தங்கியிருக்கிறது: காயத்தால் உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது, மாதச் சம்பளம் எவ்வளவு. எந்த உறுப்பு இழப்புக்கு எத்தனை வீதம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கொடுப்பனவு என்ற முறை உண்டு. ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை நீண்ட காலம் 5,50,000 ரூபாயாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 இலட்சமாக்கியது.

சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவதால் இதில் ஒரு பொறி இருக்கிறது. சம்பளத்தின் அளவைப் பார்த்து சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதம் என்று முதலாளி கட்ட வேண்டியிருப்பதால், கையில் கொடுப்பதைவிடக் குறைவான தொகையைச் சம்பளப் பட்டியலில் எழுதும் பழக்கம் உண்டு. தொழிலாளிக்கும் தன் 8 வீதம் வெட்டுப்படாதது ஒரு வகையில் சந்தோஷம். கை போன பிறகு நட்டஈட்டுக் கணக்கு அந்தப் பொய்த் தொகையிலிருந்து தொடங்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது நட்டஈட்டுக்குள் வரும். பாசிக்குடாவில் இரவு முறை முடித்து மோட்டார் சைக்கிளில் ஓட்டமாவடிக்குத் திரும்புபவர், விடியப்புறம் யானைக்குப் பயந்து பயந்து அறுகம்பே ஹோட்டலுக்குப் போகிறவர் எல்லோருக்கும் இது முக்கியம். ஆனால் அன்று அவர் எத்தனை மணிக்கு வேலை முடித்துக் கிளம்பினார் என்று யாரும் எழுதி வைக்காவிட்டால், வேலை முடிந்து திரும்பியதா, வேறு பயணமா என்ற கேள்வி வரும். மறுபடியும் வரவுப் புத்தகம்தான்.

நாட்டாமைகளின் நிலை இன்னும் மோசம். மூட்டை ஏற்றி இறக்கும் இவர்கள் ஒரு குழுவாக, ஒரு தலைவரின் கீழ் வருவார்கள். ஆலைப் புத்தகத்தில் ஒருவரின் பெயரும் இராது. லொறியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தால் "அவங்க எங்கட ஆக்கள் இல்ல" என்ற பதில் தயாராக இருக்கும். தன் வழமையான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் முதலாளியும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம் என்கிறது சட்டம். அரிசி ஆலையில் மூட்டை தூக்குவது வழமையான தொழில் இல்லாமல் வேறென்ன? அறிவுள்ள கணக்கப்பிள்ளை அன்றன்று வந்த நாட்டாமைகளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நியமனக் கடிதம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வாய்ப்பேச்சில் செய்த வேலை ஒப்பந்தமும் நட்டஈட்டுச் சட்டத்துக்குப் போதும். நிரூபிப்பதுதான் பாடு. சம்பளத் துண்டு, சேமலாப நிதி இலக்கம், முறைப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கூட வேலை செய்தவரின் சாட்சி எதுவும் உதவும். தனக்கென்று சொந்தமாகப் படகு இறக்குபவருக்கும் தன் வயலைத் தானே செய்பவருக்கும் வேலை கொடுத்தவர் என்று ஒருவர் இல்லாததால் இந்தச் சட்டம் கைகொடுக்காது.

மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை ஆகிய இடங்களில் தொழில் அலுவலகங்கள் இருக்கின்றன. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கணக்கப்பிள்ளைமாருக்கும் முகாமையாளர்களுக்கும் பயிற்சி வேண்டுமென்றால், 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகத்தை நாடலாம்.

விபத்தில் ஆள் இறந்துவிட்டால், பள்ளிவாசலிலோ கோயிலிலோ பெரியவர்கள் முன்னால் ஒரு தொகை பேசி முடித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மனைவியிடம் கையொப்பம் வாங்குவது நடக்கிறது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. மரண நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுப்பதும் முறையல்ல. முதலாளி அதை ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும், ஆணையாளர்தான் இறந்தவரில் தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஏற்கெனவே கையொப்பம் வைத்துவிட்ட குடும்பமாக இருந்தாலும் அந்தக் கடதாசியையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம்.