சிறப்புப் பள்ளி மாணவர்களுக்கு மனநல சிகிச்சை: எந்தக் கதவைத் தட்டுவது, என்ன சொல்லித் தட்டுவது

"இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தாம்மா இருப்பாங்க." சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பதில் இது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தாலும், சாப்பாட்டைத் தள்ளிவிட்டாலும், தலையைச் சுவரில் மோதிக்கொண்டாலும் எல்லாம் குறைபாட்டின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. காது கேளாத பிள்ளைக்கும் பயம் வரும். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கும் மனச்சோர்வு வரும். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, அது உரிமை.

சட்டப் பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18: அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு, குழந்தைகளுக்கும் உண்டு. அதற்காக நெடுந்தூரம் அலையவிடக் கூடாது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 25: மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் எந்தத் துறை என்பதில் வருகிறது. தமிழ்நாட்டில் சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் இருக்கின்றன. பள்ளிக்கல்வித் துறையின் ஆலோசனைத் திட்டங்கள் அந்தத் துறையின் பள்ளிகளை நினைத்துப் போடப்பட்டவை. அதனால் கல்வி அலுவலகத்துக்குப் போனால் "மாற்றுத்திறனாளி ஆபீஸுக்குப் போங்க" என்பார்கள். அங்கே போனால் "இது ஆஸ்பத்திரி வேலை" என்பார்கள். மூன்று நாள் கூலி போய்விடும். சிகிச்சைக்கு இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் போக வேண்டியதே இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். தாலுகா மருத்துவமனைகளுக்கும் அந்தக் குழு குறிப்பிட்ட நாட்களில் வரும். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று ஃபோனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், கிழமை தப்பினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க நேரும்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அடுத்த தடுமாற்றம். சிறப்புப் பள்ளிப் பிள்ளையைப் பார்த்தவுடன் சீட்டு போடுபவர், ஊனச் சான்றிதழுக்கு வந்திருப்பதாக நினைத்து மருத்துவக் குழு உட்காரும் வரிசைக்கு அனுப்பிவிடுவார். அங்கே அரை நாள் நின்ற பிறகு "இன்னைக்கு போர்டு இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். சீட்டு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சர்டிஃபிகேட்டுக்கு வரலை. மனநல டாக்டர்கிட்ட சிகிச்சைக்கு வந்திருக்கோம்." சிகிச்சை பெற யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள) அட்டையோ, 40 சதவீதச் சான்றோ தேவையில்லை. அட்டை இருந்தால் முன்னுரிமை கேட்கக் காட்டுங்கள். அட்டை இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் மிக முக்கியம். "என் பையன் மனவளர்ச்சி குன்றியவன் சார்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். 2017 சட்டம் 'மனநோய்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் அறிவுத்திறன் குறைபாடு சேராது. அதைச் சொல்லியே சிலர் கையை விரிப்பார்கள். சேராதது குறைபாடு மட்டும்தான். அந்தப் பிள்ளைக்கு வந்திருக்கும் மனச்சோர்வும் பதற்றமும் சட்டத்துக்குள் வரும். ஆகவே மாற்றத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்: "தை மாசம் வரைக்கும் தானா சாப்பிடுவான், பள்ளிக்கூட வேனைப் பார்த்தா ஓடிப்போய் ஏறுவான். ரெண்டு மாசமா வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய்டுறான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமில்லை." முன்பு எப்படி, இப்போது எப்படி, எப்போதிருந்து. இந்த மூன்றும் இருந்தால் யாராலும் "அப்படித்தான் இருப்பான்" என்று சொல்லி அனுப்ப முடியாது.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தூங்கிய நேரம், சாப்பிட்ட அளவு, மலம் கழித்த நாள், தன்னை அடித்துக்கொண்ட நேரம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். பள்ளியிலும் இதே மாதிரிக் குறிப்பு கேளுங்கள். வீட்டில் மட்டுமா, பள்ளியில் மட்டுமா, இரண்டு இடத்திலுமா என்பதிலிருந்தே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

பேச வராத பிள்ளை திடீரென்று கன்னத்தில் அடித்துக்கொண்டால் முதலில் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சொத்தைப் பல்லாக இருக்கலாம். காதுவலி, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, வலிப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து எல்லாமே நடத்தை மாற்றமாக வெளிப்படும். இவற்றைப் பார்க்காமல் மனநல மருந்து எழுதினால், பிள்ளை அமைதியாகத் தெரியும், வலி உள்ளே அப்படியே இருக்கும். உடல் பரிசோதனை செய்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

காது கேளாத பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். சைகை மொழி தெரியாத ஆலோசகர் முன் உட்கார்ந்தால் பேசுவது அம்மாவும் ஆலோசகரும்தான், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். யார் மொழிபெயர்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிரச்சினை வீட்டில் இருந்தால் அம்மா வழியாகப் பிள்ளை சொல்லாது. விடுதியில் இருந்தால் அந்தப் பள்ளி ஆசிரியர் வழியாகச் சொல்லாது. வெளியாள் ஒருவர் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டிய காரணம் இதுதான்: "சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்து தரவும்" என்று தேதி, இடம் போட்டு மனு கொடுங்கள்.

14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கும். பேச்சும் கேட்பும் உள்ள பிள்ளைக்கும், நொந்துபோய் இருக்கும் பெற்றோருக்கும் அது நல்ல உதவி. காது கேளாத பிள்ளையின் பிரச்சினையை அந்த எண்ணைக் கொடுத்து முடித்துவிட்டதாகப் பள்ளி சொன்னால் ஏற்காதீர்கள்.

ஆலோசகர் என்று பள்ளி ஒருவரை அறிமுகப்படுத்தினால் தகுதியைக் கேளுங்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். சோதனை செய்து அறிக்கை தரும் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அறிக்கையில் அந்த எண் இல்லாவிட்டால், பல ஆயிரம் கொடுத்து வாங்கிய அறிக்கையை அரசு அலுவலகத்தில் தள்ளிவிடுவார்கள்.

மருந்து தொடங்கியபின் வரும் தவறுகள் பெரும்பாலும் விடுதியிலும் விடுமுறையிலும்தான். வாய்மொழியாகச் சொல்லி மாத்திரையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பெயர், அளவு, நேரம் எழுதிய தாளில் காப்பாளர் கையெழுத்து வாங்கி, ஒரு படத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாத விடுமுறையில் பிள்ளை சொந்த ஊருக்கு வரும், சிகிச்சை நோட்டு விடுதி அலமாரியில் கிடக்கும், மருந்து பாதியில் நிற்கும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். விடுமுறைக்கு முன்பே நோட்டை நகலெடுத்துச் சொந்த ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டி மருந்து வாங்குங்கள். மருத்துவப் பதிவேட்டின் விவரம் கேட்பதும் 2017 சட்டப்படி உங்கள் உரிமை. நாள் முழுக்கத் தூக்கம், எச்சில் ஒழுகுவது, கை கால் விறைப்பு, வேகமாக எடை கூடுவது தெரிந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். "இப்ப தொந்தரவே இல்லை" என்று விடுதி சொல்வதை வைத்துக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்துக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு உதவும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு இல்லை. இது தெரியாமல் விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் உண்டு. காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மார்ச்சுக்குள் புதுப்பிக்கத் தவறினால் இடைப்பட்ட செலவு உங்கள் தலையில். வெளிநோயாளி பில்களையும் தெரபி பில்களையும் சேர்த்துவைத்து ஒரே மூட்டையாக அனுப்பாதீர்கள், கெடு தாண்டியது என்று திருப்பிவிடுவார்கள். அந்தந்த மாதமே அனுப்புங்கள்.

பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் வழி வேறு. "முதல்ல கவுன்சலிங் கொடுப்போம், வெளியே தெரிய வேண்டாம்" என்று பள்ளி சொல்லக் கூடாது. தெரிந்தும் புகார் தராமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ காவல் நிலையத்தையோ உடனே அழையுங்கள். வாக்குமூலம் எடுக்கும்போது பிள்ளையின் மொழி புரிந்த சிறப்பாசிரியர் ஒருவரை உடன் வைக்கக் கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அந்தப் பள்ளியைச் சேராதவராக இருக்கட்டும்.

ஒரு பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பள்ளிக்கே உதவி வேண்டும் என்றால், பள்ளிகளில் மனநலப் பணி செய்வதும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வேலைதான். தலைமையாசிரியர் கடிதம் எழுதினால் குழு வர வேண்டும். அவர் எழுதாவிட்டால் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து எழுதுங்கள். நகல் ஒன்று மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, இன்னொன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். மனுவில் "மனநல உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இத்தனை மாணவர்கள் உள்ள இந்தப் பள்ளிக்கு மாதம் ஒருமுறை குழு வர வேண்டும், முதல் வருகையின் தேதியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு எண் இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, கோப்பு யார் மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள்.